மருந்தும் ஸ்கேனும் வெளியே வாங்கலாமா? நோயாளியின் தேர்வுரிமைக்குத் தமிழ்நாட்டில் என்ன சட்டம் வேண்டும்

கேள்வி: அப்பாவைத் தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். மருந்து அங்கேயே வாங்கணும், ஸ்கேன் அங்கேயே எடுக்கணும் என்கிறார்கள். இதை எதிர்த்துக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் எப்படிப்பட்ட சட்டம் வரவேண்டும்?

கேட்க இடம் இருக்கிறது. கேட்டதைக் கொடுக்க வைக்கும் சட்டம்தான் தமிழ்நாட்டில் இல்லை. நுகர்வோர் ஆணையங்களில் நோயாளிகள் பக்கம் நின்று வாதாடும் வழக்கறிஞன் என்ற முறையில், இந்த இடைவெளி எங்கே விழுந்தது, அதை எப்படி அடைக்கலாம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் நோயாளிகளின் உரிமைகளுக்கான ஒரு சாசனம் தயாரித்தது. மொத்தம் 17 உரிமைகள். மருந்தையும் பரிசோதனையையும் எங்கே வேண்டுமானாலும் செய்துகொள்ளும் உரிமை அதில் தெளிவாகவே இருக்கிறது. வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பது, கட்டணத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது, மருத்துவ ஆவணங்களின் நகல் பெறுவது, பணப் பாக்கியைக் காரணம் காட்டி நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்காமல் இருப்பது எல்லாமே உண்டு. 2019-இல் மத்திய சுகாதாரத் துறை, சாசனத்தை ஏற்றுக்கொள்ளும்படி மாநிலங்களுக்குக் கடிதமும் எழுதியது. ஆனால் சாசனம் சட்டமல்ல. அதை மீறினால் என்ன தண்டனை, யாரிடம் போய் நிற்பது, எத்தனை நாளில் தீர்வு என்று அதில் மாநில அரசைக் கட்டும் எதுவும் இல்லை. மருத்துவமனைச் சுவரில் ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டு, அதற்குக் கீழேயே ‘மருந்துகளை எங்கள் பார்மசியில் மட்டும் வாங்கவும்’ என்று ஒட்டி வைத்தால் தடுக்க ஆளில்லை.

இந்த மருந்தக விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தாயின் புற்றுநோய்ச் சிகிச்சையில் பட்ட அனுபவத்தை வைத்து சித்தார்த் டால்மியா என்பவர் பொதுநல வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில் நீதிபதிகள் சூர்ய காந்த், கோட்டீஸ்வர் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. மருத்துவமனை மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை என்று மத்திய அரசே நீதிமன்றத்தில் சொல்லியிருந்தது. நீதிமன்றமோ தானாக உத்தரவு போடவில்லை. மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் வருபவை, நோயாளிகள் சுரண்டப்படாமல் இருக்க என்ன கொள்கை தேவை என்று மாநில அரசுகளே முடிவு செய்யட்டும் என்று பந்தை நகர்த்தியது. ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் இனி டெல்லி அல்ல, சென்னைக் கோட்டை.

ஏற்கெனவே இத்தனை விதிகள் இருக்கின்றனவே, புதுச் சட்டம் எதற்கு என்று கேட்பார்கள். ஒவ்வொரு விதியையும் எடுத்து, அது யாரைக் கட்டுகிறது என்று பாருங்கள். எல்லாம் மருத்துவமனை என்ற நிறுவனத்தைச் சுற்றிக்கொண்டு போகும், அதன்மேல் மட்டும் உட்காராது.

மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், ஒரு நோயாளியை இன்னொருவரிடம் அனுப்புவதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன. நல்ல விதிகள்தான். ஆனால் அவை பதிவுபெற்ற மருத்துவரைக் கட்டுபவை. மருத்துவமனைகள் எங்கள் அதிகார வரம்பில் இல்லை என்பதை 2014-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் மருத்துவக் கவுன்சிலே ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. கமிஷன் கொடுப்பது நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பிரிவு என்றால் கவுன்சில் யாரைப் பிடிக்கும்? ஜெனரிக் பெயரில்தான், அதாவது கம்பெனி வைத்த பெயரில் அல்லாமல் மருந்தின் பொதுப் பெயரில்தான், எழுத வேண்டும் என்று வலியுறுத்திய, தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் புது விதிகளும் அறிவித்த அதே ஆகஸ்டிலேயே நிறுத்தி வைக்கப்பட்டன.

அடுத்தது எம்.ஆர்.பி. அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் குற்றம், சரி. அச்சிட்ட விலையே ஊதிப் பெருத்ததாக இருந்தால்? தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018 பிப்ரவரியில் டெல்லியையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த 4 தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை இன்றைக்கும் படிக்க வேண்டிய ஒன்று. சில பொருள்களில் கொள்முதல் விலைக்கும் நோயாளி கொடுத்த விலைக்கும் நடுவிலிருந்த லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. சிரிஞ்சு, கையுறை, ஊசி ஏற்றும் குழாய் மாதிரிச் சாதாரணப் பொருள்கள்தான் பெரும்பாலும். மொத்த பில்லில் மருந்து, உபகரணம், பரிசோதனை மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய பாதி. இதில் யாரும் எம்.ஆர்.பி.யை மீறவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. மொத்தமாக வாங்குகிற மருத்துவமனைக்கு எந்தக் கம்பெனிப் பொருளில் லாபம் அதிகமோ அதுதான் உள்ளே வரும். அதனால் உற்பத்தியாளரே விலையை ஏற்றி அச்சிட்டுக் கொடுக்கிறார். வெளியில் இருக்கிற கடையில் போட்டி விலையைக் கீழே இழுக்கும். மருத்துவமனைக்குள்ளே அதே போட்டி விலையை மேலே தள்ளுகிறது. ஏனென்றால் பணம் கொடுக்கிறவர் ஒருவர், தேர்ந்தெடுக்கிறவர் இன்னொருவர். ‘வெளியே வாங்கிக்கொள்ளலாம்’ என்ற ஒரு வாய்ப்புத் திறந்திருந்தால் போதும், எல்லா நோயாளியும் வெளியே ஓட வேண்டியதில்லை, உள்ளே இருக்கும் விலை தானாக இறங்கும்.

ஒரு பொருளின் விலையை மட்டும் அரசு பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கு, அதாவது அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு குழாய்க்கு, விலை உச்சவரம்பு வந்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் ₹29,600, சாதாரண உலோக ஸ்டென்ட் ₹7,260. எவ்வளவோ பேருக்கு அது பெரிய நிம்மதி, நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டென்ட் இறங்கிய அளவுக்கு மொத்த பில் இறங்கவில்லை, மற்ற வரிகளில் தொகை ஏறிக்கொண்டது என்ற புகாரும் உடனேயே கிளம்பியது. அதனால்தான் எல்லாவற்றுக்கும் அரசே விலை நிர்ணயிக்கட்டும் என்ற கோரிக்கையில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. விலையைச் சொல்ல வைப்பதும், சொன்ன விலையில் நிற்க வைப்பதும், பிடிக்காவிட்டால் நோயாளி வேறு இடம் போக வழி விடுவதும்தான் நீடிக்கும் மருந்து.

காப்பீட்டுக்கு வருவோம். இந்த விஷயத்தில் 2024 நல்ல ஆண்டு. நெட்வொர்க்கில் இல்லாத, அதாவது காப்பீட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் வசதி (பில்லைக் கம்பெனியே நேரடியாகக் கட்டுவது) கேட்கலாம் என்று பொதுக் காப்பீட்டு மன்றம் ஜனவரியில் அறிவித்தது. திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்தில் பதில், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு 3 மணி நேரம் என்று மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கெடு வைத்தது. 65 வயதுக்கு மேல் புதுப் பாலிசி கிடையாது என்ற வழக்கமும் அந்த ஆண்டுதான் போனது. எல்லாம் நோயாளியின் கையில் தேர்வைக் கொடுக்கிற மாற்றங்கள். ஆனால் இதுவும் காப்பீட்டுக் கம்பெனியைத்தான் கட்டும். ‘நாங்கள் கேஷ்லெஸ் எடுப்பதில்லை, கட்டிவிட்டு நீங்கள் கிளெய்ம் பண்ணிக்கொள்ளுங்கள்’ என்று நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனை சொன்னால் ஆணையம் அந்த மருத்துவமனையை ஒன்றும் செய்ய முடியாது.

அப்படியானால் மருத்துவமனையைக் கட்டும் சட்டம் எது? மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. அதன் 2012 விதிகள், கட்டணத்தை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்கின்றன. அவசர நிலையில் வந்தவரை நிலைப்படுத்தும் கடமையும் அந்தச் சட்டத்தில் உண்டு. ஆனால் ஏற்றுக்கொண்ட மாநிலங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். தமிழ்நாடு ஏற்கவில்லை. நமக்குச் சொந்தமாக 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. சட்டம் வந்து 20 ஆண்டுக்கு மேல் விதிகளே இல்லாமல் கிடந்து, 2018-இல்தான் திருத்தமும் விதிகளும் வந்தன. அதன் கவனமெல்லாம் பதிவிலும் குறைந்தபட்சத் தரத்திலும்தான். இடம் எவ்வளவு, ஆள் எத்தனை, கருவி என்ன என்று பார்க்கும். தேவையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே படுத்திருப்பவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அதன் மையமாக என்றும் இருந்ததில்லை. நான் கேட்பது புதிதாக ஒரு சட்டம்கூட அல்ல. இந்தச் சட்டத்திலேயே நோயாளியின் தேர்வுரிமைக்கென்று ஒரு அத்தியாயம் சேர்க்க வேண்டும்.

அதில் முதலில் மருந்தும் பரிசோதனையும். அறுவை அரங்கில், ஐசியுவில், அவசரச் சிகிச்சையில் நோயாளி வீட்டார் ஓடிப்போய் வாங்கி வரட்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே மருத்துவமனை தன் இருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். குளிர்நிலையில் வைக்க வேண்டிய மருந்துகளில் போலி, கெட்டுப்போன சரக்கு பற்றி மருத்துவர்களுக்கு இருக்கும் பயமும் நியாயமானது. விதிவிலக்குகளைச் சட்டத்திலேயே வரிசையாக எழுதிவிடலாம். மீதி எல்லாவற்றுக்கும், அதாவது வார்டில் இருக்கும்போது கொடுக்கும் மாத்திரைகள், பல நாள் திட்டமிட்டுப் போடும் ஊசிகள், டிஸ்சார்ஜ் மருந்துகள், காத்திருக்கக்கூடிய ஸ்கேன்கள் எல்லாவற்றுக்கும், மருந்தின் ஜெனரிக் பெயர் தெளிவாக இருக்கும் சீட்டை நோயாளி கையில் கொடுத்துவிட வேண்டும். உரிமம் பெற்ற எந்தக் கடையிலும் பில்லோடு வாங்கி வந்தால் ஏற்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025-இல் ‘இங்கேதான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை’ என்று மருத்துவமனை மருந்தகங்களில் எழுதி வைக்க உத்தரவு போட்டது. அறிவிப்புப் பலகை நல்ல தொடக்கம். மறுத்தால் என்ன ஆகும் என்பது சட்டத்தில் வந்தால்தான் பலகைக்கு உயிர்.

இரண்டாவது, எழுத்துமூல மதிப்பீடு. திட்டமிட்ட சிகிச்சைக்கு அட்மிட் ஆகும் முன்பே அறை வாடகை, மருத்துவர் கட்டணம், அறுவை, உத்தேச மருந்துச் செலவு எல்லாம் பிரித்துக் கையில் கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட வரம்புக்கு மேல் பில் தாண்டுமானால் தாண்டும்போதே காரணத்தோடு சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும், டிஸ்சார்ஜ் அன்றைக்கு அல்ல. அறை மாறினால் அதே அறுவைக்கும் அதே மருத்துவர் வருகைக்கும் ஏன் கட்டணம் மாறுகிறது என்பதும் அந்தத் தாளிலேயே தெரிய வேண்டும். இது இருந்தால் இரண்டு மருத்துவமனையை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கட்டணம் தெரியாமல் ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

மூன்றாவதுதான் என் அனுபவத்தில் மிக முக்கியம், அதிகம் பேசப்படாததும் அதுவே. ஆவணமும் வெளியேறும் உரிமையும். என்னிடம் வந்த ஒரு அம்மா, கணவரை வேறு மருத்துவமனைக்கு மாற்றக் கேட்டிருக்கிறார். மாற்றலாம், ஆனால் மொத்த பில்லைக் கட்டினால்தான் கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்புகள்) நகலும் ஸ்கேன் படமும் என்று சொல்லிவிட்டார்கள். படமில்லாமல் அடுத்த மருத்துவமனைக்குப் போனால் அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் அந்த நகல் வந்தது. பில்லில் எனக்குச் சந்தேகம் இருந்தால் பிறகு வழக்குப் போடலாம். அந்த நேரத்தில் தேவை படம். பாக்கி இருக்கிறதோ இல்லையோ, கேட்ட சில மணி நேரத்துக்குள் டிஜிட்டல் நகல் தர வேண்டும் என்று சட்டத்தில் ஒரே ஒரு வரி இருந்தால் அந்த நகை அடகுக் கடைக்குப் போயிருக்காது. பாக்கியை வசூலிக்க மருத்துவமனைக்கு உரிமையியல் வழி திறந்தே இருக்கிறது. நோயாளியின் உடலும் ஆவணமும் ஈடு ஆகக் கூடாது. இரண்டாவது கருத்துக் கேட்கிற உரிமையும் இதற்குள்ளேதான் அடக்கம். ஆவணம் கையில் இல்லாமல் அடுத்த மருத்துவர் எதைப் பார்த்துக் கருத்துச் சொல்வார்?

சிகிச்சை முறையைத் தேர்ந்தெடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். சமீரா கோலி வழக்கில், கருவியைச் செலுத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே கருப்பையை எடுத்துவிட்டார்கள். வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கியதாகச் சொன்னார்கள். 2008-இல் உச்ச நீதிமன்றம், பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைக்குச் செல்லாது, முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்தவர் தற்காலிக மயக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக, அவசரம் இல்லாதபோது தாய் சம்மதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. மாற்றுச் சிகிச்சை என்னென்ன என்று சொல்லாமல் வாங்கும் கையெழுத்து முழுச் சம்மதமாகாது என்பதே அதன் சாரம். இன்றைக்கும் நம் ஊர் கன்சென்ட் ஃபார்ம்கள் பல, ஆங்கிலத்தில், வெற்றிடங்களோடு, அட்மிஷன் கவுன்டரிலேயே கையெழுத்தாகின்றன. தமிழில் அச்சிட்டு, சிகிச்சையின் பெயரையும் மாற்று வழிகளையும் எழுதிய பிறகே கையெழுத்து என்று சட்டம் சொல்லலாம். நாடாளுமன்றம் இப்படி எழுதத் தெரியாமல் இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், எனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், என் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை தந்திருக்கிறது. மனநோய்க்குத் தந்ததை மாரடைப்புக்கும் புற்றுநோய்க்கும் தருவதில் என்ன தடை?

இனி, மருத்துவர்கள் பக்கத்து எதிர்ப்பு. அதை ஒதுக்கிவிட முடியாது, ஒதுக்கவும் கூடாது. சிறிய ஊர்களில் கணவன் மனைவி இருவரும் மருத்துவராக இருந்து நடத்தும் 10, 15 படுக்கை நர்சிங் ஹோம்கள்தான் இன்னும் பல குடும்பங்களுக்கு முதல் கதவு. ஆலோசனைக் கட்டணம் குறைவாக வைத்து, மருந்தக வருமானத்தில் நிற்பவர்கள் அவர்களில் பலர். எல்லோருக்கும் ஒரே அளவு விதி போட்டால் அவை மூடும், பெரிய கார்ப்பரேட் மட்டும் மிஞ்சும். அது தேர்வுரிமையின் பெயரால் தேர்வையே குறைப்பது. ஆகவே சீட்டு, மதிப்பீடு, ஆவணம் மூன்றும் எல்லோருக்கும் பொது என்று வைத்து, கட்டணத்தை இணையத்தில் வெளியிடுவது, தணிக்கை போன்ற அலுவலகச் சுமைகளைப் படுக்கை எண்ணிக்கைக்கு ஏற்ப வைப்பதே முறை.

மற்ற மாநிலங்கள் எங்கே தடுக்கி விழுந்தன என்பதும் பாடம்தான். 2017-இல் கர்நாடகம் கொண்டுவந்த திருத்தத்தில் மருத்துவர்களுக்குச் சிறை என்று இருந்தது. நவம்பரில் மாநிலம் முழுக்க வேலைநிறுத்தம், கடைசியில் சிறைப் பிரிவு போன பிறகே சட்டம் நிறைவேறியது. பேச்செல்லாம் சிறையைப் பற்றியே போய், நோயாளிக்கு என்ன கிடைக்கும் என்பது பின்னால் தள்ளப்பட்டது. ராஜஸ்தான் 2023 மார்ச்சில் சுகாதார உரிமைச் சட்டம் போட்டது. அவசரச் சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது, சரி. பிறகு அந்தச் செலவை அரசு எப்போது, எந்த விகிதத்தில் தரும்? அது தெளிவாக இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் போராட்டம் நடந்து, அரசின் சலுகை எதுவும் பெறாத 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனைகளை விலக்கி உடன்பாடு வந்தது. யார் பணம் தருவது என்பதைச் சட்டத்திலேயே எழுதாவிட்டால் உரிமை காகிதத்தோடு நிற்கும். தமிழ்நாடு இதை ஓரளவு சரியாகச் செய்திருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் சிக்கியவர் முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் கட்டணமில்லாமல் சிகிச்சை பெறலாம், செலவை அரசு தரும். அருகில் எது இருக்கிறதோ அங்கே போகலாம். காசு யாருடையது என்று முதலிலேயே சொன்னதால்தான் அது ஓடுகிறது.

அமலாக்கத்துக்கு நான் மேற்கு வங்கத்தைப் பார்க்கச் சொல்வேன். 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே ஒரு தனி ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் பில் புகார்களை விசாரித்துப் பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டிருக்கிறது. நம்மிடம் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் மனுக் கொடுக்கிறோம். அவரே மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளையும் பார்க்க வேண்டும், பதிவும் பார்க்க வேண்டும், புகாரும் பார்க்க வேண்டும். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 1995 சாந்தா தீர்ப்பிலிருந்து நுகர்வோர் ஆணையம் நமக்குத் திறந்திருக்கிறது, சிகிச்சைக்குக் கொடுத்த தொகை ₹50 லட்சம் வரை என்றால் மாவட்ட அளவிலேயே வழக்குப் போடலாம். ஆனால் அது நடந்து முடிந்த பிறகு இழப்பீடு தரும் இடம். அப்பா படுக்கையில் இருக்கும்போது, இன்று மாலைக்குள், ‘அந்த ஸ்கேன் படத்தைக் கொடு’ என்று சொல்ல ஒரு அதிகாரி வேண்டும். மாவட்டத்துக்கு ஒருவர், 24 மணி நேரமும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண், மீறலுக்கு நாள்கணக்கில் அபராதம். சிறை வேண்டாம்.

அரசு மருத்துவமனையைப் பற்றிச் சொல்லாமல் இதை விட முடியாது. தனியாரிடம் பேரம் பேசும் தெம்பு ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? ‘இல்லையென்றால் ஜி.ஹெச். போகிறேன்’ என்று நம்பிக்கையோடு சொல்ல முடிவதிலிருந்து. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தக் கொள்முதலில் மருந்தை வாங்கி இலவசமாகத் தருவது எந்தத் தேர்வுரிமைச் சட்டத்துக்கும் சளைத்ததல்ல. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போடுவது 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22-இல் 39.4 ஆனது. இறங்கியிருக்கிறது, இன்னும் மிக அதிகம். தேர்வுரிமை என்ற பெயரில் அரசு மருத்துவமனையைச் சுருக்கிக் காப்பீட்டு அட்டையை மட்டும் நீட்டினால் நான் எதிர்ப்பேன்.

உங்கள் அப்பா விஷயத்தில் இன்று செய்யக்கூடியது: டியூட்டி டாக்டரிடம் ஜெனரிக் பெயரோடு மருந்துச் சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் கோரிக்கையை ஒரு தாளில் எழுதி, நேரம் தேதி போட்டு, நிர்வாகத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துத் தரவில்லையென்றால் அதையே மின்னஞ்சலில் அனுப்புங்கள். பொருள்வாரியாகப் பிரித்த பில்லைத் தினமும் கேளுங்கள், கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள், 72 மணி நேர விதியைக் குறிப்பிட்டு. வாய்த்தகராறு வேண்டாம், சிகிச்சை தருகிறவர்கள் அதே செவிலியர்கள், அவர்கள் கையில் எந்த முடிவும் இல்லை.

அப்பா வீடு திரும்பிய பிறகு அந்தத் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் சுகாதாரத் துறைச் செயலாளருக்கும் மனு எழுதும்போது ‘மருத்துவமனைகள் கொள்ளையடிக்கின்றன’ என்று எழுதினால் அது கோப்பில் படுத்துக்கொள்ளும். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்ன உரிமையைச் சேருங்கள், மறுத்தால் இன்ன அபராதம், இத்தனை மணி நேரத்தில் தீர்வு என்று எழுதி, மறுக்கப்பட்ட கோரிக்கையின் நகலை இணைத்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதே ஊரில் இதே மாதிரித் தாளை வைத்திருக்கும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொள்ள முடிந்தால், சட்டமன்றத்தில் துறைகளுக்கான நிதியை விவாதிக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் சுகாதாரத் துறை வருவதற்கு முன்பே உறுப்பினரை நேரில் பாருங்கள். கேள்வியை அவையில் எழுப்ப அவருக்குத் தேவைப்படுவது ஒரு பக்கக் குறிப்பு. அதை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள்.